கட்டையிற் கோடிட்டுக் கற்றவர்

குருவின்றி வித்தை இல்லை என்பது நம்மவர் கொள்கை. அமெரிக்கப் பியானோக் கலைஞராகிய அல்பேட் அமன்ஸ் என்பாரின் இளமைப் பருவத்தை நோக்குவார்க்கு, குரு என்னுஞ் சொல் எத்துணை விரிந்த பொருளுடையது என்பது புலனாகும்.

அமன்ஸ் 1907ஆம் ஆண்டிற் சிக்காகோ நகரிற் பிறந்தவர். தாயும் தந்தையும் பியானோ வாசிக்க வல்லவர்கள். வீட்டிலே பியனோலா என்னும் பொறியொன்றும் இருந்தது. துளையிட்ட நீண்ட காகிதச் சுருளை அதனுள் மாட்டிக் காலால் மிதித்தால், துளைகளின் வழியே காற்று இயங்க, கட்டைகள் தாமாகவே அமிழ்ந்தெழும். வாசிப்போனின் கை அங்கே இல்லை. வாசிப்பு மட்டும் உண்டு. சிறுவன் அதன்முன் பென்சிலுடன் அமர்ந்தான். எக்கட்டைகள் ஒருங்கே அமிழ்கின்றனவோ அவற்றின்மீது அடையாளமிட்டான். பின்பு அவ்வடையாளங்களில் விரல்களை வைத்து, ஓசை ஒத்துவருங்காறும் மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்த்தான். சுரங்கள் கூடி ஒலிக்குங் கூட்டுக்களை அவன் அறிந்தது இவ்வாறே. பத்து வயதளவில் வாசிக்கத் தெரிந்துவிட்டது. உரையைப் புரட்டாமல் ஒரு செய்யுளையேனும் தாமே பிரித்துப் பார்க்கத் துணியாத மாணாக்கரைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தப் பென்சிலின் நினைவு வருவதுண்டு.

அவர் விரும்பியதோ புளூஸ். அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரிலே பிறந்த பாட்டு அது. தென்மாநிலங்களை விட்டு வடக்கே பிழைப்புத் தேடிச் சென்றோருடன் தானுஞ் சென்று சிக்காகோவிற் குடியேறிற்று. அதன் அமைப்பு எளிது. நான்கு அடி கொண்ட தாள அளவுகள் பன்னிரண்டு. சட்சம், மத்திமம், பஞ்சமம் ஆகியவற்றின்மேல் எழுஞ் சுரக்கூட்டுக்கள் மூன்று. முதல் நான்களவு சட்சத்தில் நிற்கும். அடுத்த இரண்டு மத்திமத்துக்குப் பெயரும். பின் இரண்டளவு சட்சத்தில் இளைப்பாறி, இறுதி நான்கிற் பஞ்சமத்துக்கு ஏறி மீண்டுஞ் சட்சத்தை அடையும். இதனை ஒரே நாளில் மனனஞ் செய்துவிடலாம்.

துன்பம் இடக்கையிலே தொடங்குகிறது. பூகி வூகி எனப்படும் வகையில், இடக்கை ஓர் அளவுக்கு எட்டு அடியாக ஒரே கோலத்தை ஓயாது உருட்டிக்கொண்டிருத்தல் வேண்டும். வலக்கையோ அதனோடு பிணங்கியும் இணங்கியுந் தன் போக்கிற் பேசும். புதிதாகப் பயில்வோன் வலக்கையிற் கருத்தைச் செலுத்திய கணமே இடக்கை தடுமாறும். ஆதலால், நினையாமலே நடக்கும் நிலை வரும்வரை இடக்கையைத் தனியே பழக்குவதன்றி வேறு வழியில்லை. வீட்டு வாடகை திரட்டுதற்காகக் கட்டணம் வாங்கி நடத்திய விருந்துகளில் இவ்விசை முழங்கியது. பக்கவாத்தியம் இல்லாத அங்கே, ஆடுவோர்க்கெல்லாம் அந்த இடக்கையே தாளம். அது நின்றால் ஆட்டமும் நின்றுவிடும். அமன்ஸ் இளமையில் முரசும் எக்காளமும் முழக்கும் அணியொன்றிற் தாளவாத்தியம் வாசித்தவர். அப்பழக்கம் இங்கே கைகொடுத்திருக்கும் என்பது என் துணிபு.

பொறி சுரக்கூட்டுக்களைக் காட்டிற்று. விரலின் தயக்கத்தையும் அழுத்தத்தையும் அதனாற் காட்ட முடியவில்லை. அவற்றுக்கு அவர் மனிதரை நாடினார். ஜிம்மி யான்சி ஒருவர். 1925 முதற் பேஸ்போல் மைதானமொன்றின் தரையைப் பராமரித்து வாழ்ந்தவர். அடக்கமும் அமைதியும் நிறைந்த அவர் வாசிப்பைக் கேட்டுக் கேட்டே அமன்ஸ் கற்றார். டெக்சாசிலிருந்து வந்த ஹேர்சல் தோமஸ் மற்றொருவர். அமன்ஸோடு ஏறத்தாழ ஒத்த வயதினரே ஆயினும், வித்தையில் மூத்தவர். 1926இல், இருபது வயதளவிலே, அவர் இறந்துபோனார்.

பால்ய நண்பராகிய மீட் லக்ஸ் லூயிஸும் அமன்ஸும் சேர்ந்தே பழகினர். 1920களில் இருவரும் வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தனர். பைன்டொப் ஸ்மித் என்பவர் இவர்களோடு ஒரே வீட்டிற் குடியிருந்தார். அவர் 1928 மார்கழியிற் பதிவுசெய்த உருப்படியே பூகி வூகி என்னும் பெயரைப் பரப்பியது. மூன்று மாதங்களுக்குள், நடனசாலையொன்றில் துப்பாக்கிக் குண்டு பட்டு மாண்டார், வயது இருபத்துநான்கு. அவ்வுருப்படியைத் தழுவியே அமன்ஸ் 1936இல் தம் புகழ்பெற்ற இசைத்தட்டை வாசித்தார். தோமஸும் ஸ்மித்தும் மறைந்தபின், அவர்களின் கைவண்ணத்தைக் காக்கும் பொறுப்பு மாணாக்கனின் விரல்களில் வந்து தங்கியது.

1938 மார்கழி 23ஆம் திகதி, நியூயோர்க் கானெகி மண்டபத்தில் ஜோன் ஹமண்ட் நடத்திய இசைவிழாவில் அமன்ஸ், லூயிஸ், பீற் ஜோன்சன் மூவரும் வாசித்தனர். அதன்பின் அமெரிக்கா எங்கும் பூகி வூகி பரவிய கதை பலரும் அறிந்ததே. 1941இல் விபத்தொன்றில் விரல் நுனியை இழந்தும் அவர் வாசிப்பை விட்டாரில்லை. 1949 மார்கழி 2ஆம் திகதி சிக்காகோவிலே காலமானார். சக்சபோன் கலைஞர் ஜீன் அமன்ஸ் அவருடைய மைந்தர்.

அவர் இசைத்தட்டுக்களுள் வேகமும் ஆரவாரமும் மிக்கவற்றையே பலரும் போற்றுவர். என் நெஞ்சிற் தங்கியது வேறொன்று. கானெகி விழா முடிந்து இரண்டு வாரங்களில், 1939 தை 6ஆம் திகதி, அல்பிரெட் லயன் என்பவர் புதிதாகத் தொடங்கிய புளூ நோட் நிறுவனத்தின் முதற் பதிவுக்கு அமன்ஸையும் லூயிஸையும் அழைத்தார். அன்று அமன்ஸ் தெரிந்தெடுத்து வாசித்தவற்றுள் ஒன்று சூட்கேஸ் புளூஸ். பதினான்கு ஆண்டுகளுக்குமுன் ஹேர்சல் தோமஸ் பதிவுசெய்த உருப்படி அது.