பச்சை ஒளி காட்டிய பாதை
(ஆல்பர்ட் கூன்ஸ் வாழ்க்கை)

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

தொண்டை வலிக்குக் கஷாயம் போதும் என்பது எங்கள் பெரியபட்டினத்தில் பெரியவர்கள் வழக்கு. பெரும்பாலும் சரியாகியும் விடும். ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்த தொண்டைப்புண்ணைக் கவனியாது விட்டால், சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வுகள் கெட்டுவிடும். என் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். இதை வீட்டாருக்குச் சொல்லும் கடமையும் எனக்கு உண்டு. அந்நோயை ஆராயப் புகுந்து, புரத ஆய்வுக்கே புது வழி திறந்தவர் ஆல்பர்ட் கூன்ஸ்.

1912-இல் அமெரிக்காவில் பிறந்த அவர், 1937-இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1939-இல் பெர்லின் சென்றிருந்தபோது ஒரு கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. நோயுற்ற இதயத் திசுவில் கிருமியின் கூறுகள் உள்ளனவா என்று கண்ணால் காண்பது எப்படி?

எதிர்ப்பொருள் என்னும் புரதம் தனக்குரிய கிருமிக்கூறைத் தேடிப் பற்றும். அதனுடன் சாயத்தைப் பிணைத்தால் இடம் தெரியுமே! சாதாரணச் சாயம் மங்கலாகவே தெரியும். ஆகவே புறஊதாக் கதிர் பட்டால் ஒளிரும் சாயத்தை நாடினார். முதலில் எடுத்த ஆந்த்ரசீன் சேர்மம் நீலமாக ஒளிர்ந்தது. திசுக்களும் இயல்பாகவே நீலம் காட்டியதால் பிரித்தறிவது கடினமாயிற்று. பின்னர் பச்சையாக ஒளிரும் ஃபுளோரசீனைப் பிணைத்தார். திசுவின் மேல் அதை இட்டு, ஒட்டாததைக் கழுவியபின், ஒட்டியது மட்டும் ஒளிர்ந்தது. 1942-இல், சுண்டெலித் திசுவில் நுமோகாக்கஸ் கிருமியின் கூறுகளை இவ்வாறு கண்டதை அவரும் துணைவர்களும் வெளியிட்டனர்.

உலகப்போர் அவரை இராணுவ மருத்துவப் பணிக்கு அழைத்தது. திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர்ந்தார். 1950-இல் கேப்லனுடன் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். 1959-இல் லாஸ்கர் பரிசு பெற்றார், 1978-இல் மறைந்தார்.

இன்று ஓர் உயிரணுவுக்குள் எந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்று அறிய இம்முறையே கைகொடுக்கிறது. கடித்த நாய் இறந்தபின் அதன் மூளைத்திசுவில் வெறிநோய்க் கிருமி உண்டா என்று உறுதிசெய்வதும் இதனால்தான். தெருநாய்கள் திரியும் நம் கடற்கரை ஊர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

நண்பர்களே, நம் ஆய்வுக்கூடத்தில் இருப்பவை சாதாரண நுண்ணோக்கிகளே. கூன்ஸின் பெருமை கருவியில் பிறந்ததன்று. நீலம் ஏமாற்றியபோது பச்சையைத் தேடிய விடாமுயற்சியில் பிறந்தது. அதற்கு விலையில்லை; நமக்கும் அது எட்டும்.