முதுகில் கட்டிய கம்பி

பைக்கில் ஆக்சிலரேட்டர் கேபிள் லூஸா இருந்தா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். கையைத் திருகினாலும் வண்டி கொஞ்சம் லேட்டாத்தான் கிளம்பும். அதே லூஸ் விமானத்தில் இருந்தா? கண்ட்ரோல் கம்பியைத் தன் கோட்டிலேயே மாட்டிக்கொண்டு பறந்த ஒருவரைப் பற்றிச் சொல்றேன்.

ஆல்பெர்ட்டோ சாண்டோஸ் டூமோன் 1873-ல் பிரேசிலில் பிறந்தார். அப்பாவுக்குப் பெரிய காபித் தோட்டம். அங்கிருந்த மெஷின்களைப் பார்த்தே வளர்ந்தவர், பிறகு பாரிஸ் போனார். 1901-ல் தன் ஆகாயக் கப்பலில் ஈஃபிள் கோபுரத்தைச் சுற்றி வந்து பரிசு வென்றார். அந்தப் பணத்தை ஏழைகளுக்கும் தன்னிடம் வேலை பார்த்தவர்களுக்கும் கொடுத்துவிட்டார். 1906 நவம்பரில் 14-பிஸ் என்ற விமானத்தில் 220 மீட்டர் பறந்தார்.

அடுத்த வருஷம் அவர் செய்தது டெம்வாசெல். மூங்கில் உடம்பு, பட்டுத்துணி இறக்கை. இறக்கையின் மொத்த நீளமே சுமார் 5 மீட்டர்தான். எஞ்சின் தலைக்கு மேலே, விமானி கீழே. வாலைத் திருப்புவது கையால். ஆனா விமானம் ஒரு பக்கம் சாய்ந்தா அதை நிமிர்த்த, இறக்கை நுனியை முறுக்கணும். கைகள் ரெண்டும் பிஸி! அதனால் அந்தக் கம்பிகளை இழுக்கும் நெம்புகோலைத் தன் கோட்டின் முதுகுப் பக்கம் இணைத்துக்கொண்டார். உடம்பைச் சாய்த்தால் கம்பி இழுக்கும், இறக்கை முறுக்கிக்கொள்ளும்.

இங்கே ஒரு விஷயம். கம்பிக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்று வேண்டும். தொய்வா இருந்தா உடம்பு சாய்ந்த பிறகும் இறக்கை சும்மா இருக்கும். ரொம்ப இறுக்கினால் உராய்வு கூடும், கம்பி சீக்கிரம் தேயும்.

டெம்வாசெலுக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்துகொள்ளட்டும் என்று வரைபடங்களைக் கொடுத்துவிட்டார். 1910-ல் அவை பாப்புலர் மெக்கானிக்ஸ் இதழிலும் வந்தன.

அதே 1910, ஜனவரி 4. டெம்வாசெலில் பறந்துகொண்டிருந்தபோது இறக்கையை இழுத்துப் பிடித்திருந்த கம்பி ஒன்று அறுந்தது. விமானம் கீழே விழுந்தது. உயிர் தப்பினார். ஆனா உடல்நிலையும் மோசமாகிக்கொண்டே வந்ததால், சீக்கிரமே பறப்பதை விட்டுவிட்டார். அப்போது வயது 36. 1932-ல் பிரேசிலிலேயே இறந்தார்.

எஞ்சின், டிசைன், தைரியம், எல்லாம் அவரிடம் இருந்தது. விட்டது ஒரே ஒரு கம்பி. அடுத்த முறை ஷெட்டில் நம்ம ப்ராஜெக்ட்டை ஸ்டார்ட் பண்ணும் முன்னாடி, ஒவ்வொரு கேபிளையும் ஒரு தடவை கையால் இழுத்துப் பார்த்துடுவோம். ரெண்டே நிமிஷ வேலைதான்.