தந்தை செல்வா

உத்தமபாளையம் முகாமை பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் எனக்கு எஸ்.ஜே.வி. செல்வநாயகம் ஞாபகம்தான். 1898-ல் மலாயாவில் பிறந்தவர். கொழும்பில் பெரிய வக்கீல். 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. யாழ்ப்பாணத்துக்காரருக்கு அதில் என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. ஆனாலும் எதிர்த்தார். கட்சித் தலைமை அரசோடு சேரவே, வெளியேறி 1949-ல் தமிழரசுக் கட்சி கண்டார். 1952 தேர்தலில் காங்கேசன்துறையில் தோற்றார். அசரல மனுஷன்!

1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தது; தோட்டத்து ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கல. 1977-ல் செல்வா மறைந்தார்.

1983 கலவரத்துக்குப் பின் வந்த அகதிகளில் அந்தத் தோட்டக் குடும்பங்களும் உண்டு. அப்படியொரு வீட்டுப் பையன் என்னோடு டிப்ளமா படிக்கிறான். அகதிகளுக்கென்று தனிச் சட்டம் நம்ம நாட்டில் இன்னும் இல்லை. இங்கேயே பிறந்த அவன் கையில் இருப்பது முகாம் அடையாள அட்டைதான்.