வீரமாமுனிவர் இட்ட சுழி

கோவிற்பட்டியினின்றும் திருநெல்வேலி நோக்கிச் செல்லும் பெருவழியிலே இடைசெவல் என்னும் சிற்றூர் உளது. பருத்தியும் கம்பும் விளையும் அக்கரிசற் பூமி கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்னும் இரு எழுத்தாளரைத் தமிழுக்கு ஈந்ததை யாவரும் அறிவர். அவர்கள் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இத்தாலிய நாட்டுத் துறவியொருவர் இக்கரிசல் வட்டாரத்திலே தங்கிப் பணிபுரிந்தனர். அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் சிறு சுழியொன்று இன்று நாம் எழுதும் பக்கந்தோறும் நிற்கின்றது. அதனை நினைப்பார் சிலரே.

அத்துறவியே வீரமாமுனிவர். இவர்தம் இயற்பெயர் கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி. 1680-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் இத்தாலியில் மாந்துவா நகருக்கு அண்மையிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்தனர். 1698-இல் இயேசு சபையிற் சேர்ந்தனர். 1710-இல் கோவாவில் வந்திறங்கி, பின்னர்த் தமிழகம் புகுந்தனர். கோவிற்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியிலும் கயத்தாற்றிலும் அவர் பணியாற்றினர். 1714, 1715-ஆம் ஆண்டளவில் குருக்கள்பட்டியிலே சிறைப்பட்டுக் கொலைத் தண்டனைக்கும் உள்ளாகி, அரிதில் உயிர் தப்பினர். அன்று அவர் உயிர் நீங்கியிருப்பின், தேம்பாவணியும் இல்லை, சதுரகராதியும் இல்லை.

அக்காலத்திலே தமிழ் கற்கப் புகுந்த அயல்நாட்டார்க்கு ஓர் இடர் இருந்தது. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது பண்டை இலக்கண விதி. புள்ளியின்றி நிற்பின் அவை நெடில். ஆயின் ஓலையிலே எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சி, ஏடெழுதுவோர் புள்ளியை விட்டனர். அதனால் குறிலும் நெடிலும் ஒரே உருவாயின. எரி என்பதோ ஏரி என்பதோ கண்ணுக்குத் தோன்றாது. மழைக்கு ஏங்கும் கரிசற் காட்டிலே எரிக்கும் ஏரிக்கும் உள்ள வேற்றுமை சிறிதோ? மெய் என்பதும் மேய் என்பதும், கொடு என்பதும் கோடு என்பதும் அவ்வாறே மயங்கின. காலும் ரகரமும்கூட ஏட்டிலே ஒன்றுபோற் காணப்பட்டன. பழகிய புலவர் பொருள் நோக்கிப் படித்துக்கொள்வர். புதிதாய்க் கற்பவரோ தடுமாறுவர்.

முனிவர் இவ்விடரை நீக்க எளியதொரு வழி கண்டனர். குறிலுக்குப் புள்ளியிடுதலை விடுத்து, நெடிலுக்கே அடையாளம் அமைத்தனர். எகரத்தின் அடியிற் கோடிழுத்து ஏகாரமாக்கியதும், ஒகரத்தின் அடியைச் சுழித்து ஓகாரமாக்கியதும், உயிர்மெய்யிலே கொம்பின் தலையை மேலே சுழித்து நெடிலாக்கியதும் அவர் செய்த சீர்திருத்தம் என்று போற்றப்படுகின்றன. புதிய எழுத்தொன்றையும் அவர் புகுத்தினாரல்லர். இருந்த எழுத்தின் உருவிலேயே வேற்றுமை விளங்கச் செய்தனர்.

தேம்பாவணி என்னும் காப்பியம் 36 படலங்களில் 3615 பாக்கள் கொண்டது, 1726-இல் நிறைவுற்றது. 1730-இல் தொன்னூல் விளக்கம் எழுந்தது. 1732-இல் தோன்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகையாய்ப் பகுக்கப்பட்டது. பேச்சு வழக்குக்குக் கொடுந்தமிழ் இலக்கணம் ஒன்றையும் லத்தீன் மொழியில் இயற்றினர். பேச்சு மொழியும் இலக்கணத்திற்கு உரியதே என்று அவர் கருதியது குறிப்பிடத்தக்கது. பின்னாளில் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்ததும் இத்தகைய எண்ணத்தின்பாற்பட்டதே.

முனிவர் 1747-இல் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் மறைந்தனர். அவர் காட்டிய எழுத்துமுறை உடனே பரவிற்றில்லை. 19-ஆம் நூற்றாண்டின் ஏடுகளிலும் பழைய மயக்கம் தொடர்ந்தது. பழஞ்சுவடிகளைப் பதிப்பித்தோர் அதனாற் பெரிதும் இடர்ப்பட்டனர். அச்சு பரவியபோதே சுழிக்கொம்பு நிலைபெற்றது.

இக்காலத்துக் கணிப்பொறியிலே உரை எழுதுவதற்கு அமைந்த செயலிகள் பல. அவற்றிலே எழுத்துருவையும் அளவையும் நிறத்தையும் அவரவர் கண்ணுக்கு ஏற்றவாறு வகுத்துக்கொள்ளலாம். தேடிய சொல் நிறமிட்டு ஒளிரும். நிரல் எழுதுவோர் சுழியத்தையும் ஆங்கில ஓ எழுத்தையும் தெளிவாய்ப் பிரித்துக் காட்டும் எழுத்துருவையே விரும்புவர். ஓரெழுத்தைப் பிறிதொன்றாய்க் கண் கொள்ளலாகாது என்பதே இதன் கருத்து. ஏட்டிலே முனிவர் நாடியதும் அதுவே. ஒன்று மட்டும் வேறு. நிறத்தை மாற்றலாம், எழுத்துருவை மாற்றலாம். அவை மேலே போர்த்த ஆடை. முனிவர் செய்த வேற்றுமையோ எழுத்தின் உடம்போடு ஒன்றியது. யூனிகோடு முறையிலும் எகரத்திற்கு ஓர் எண், ஏகாரத்திற்கு வேறோர் எண், கொம்புகளுக்கும் அவ்வாறே. ஆதலின் எவ்வுருவில் எழுதினும் அவ்வேற்றுமை அழியாது.

மாணவ நண்பர்களே! தேம்பாவணியை முற்றும் ஓதினார் நம்முள் எத்துணையர்? சுழிக்கொம்பை எழுதாதார் ஒருவரும் இலர். சென்னைக் கடற்கரையிலே 1968-இல் முனிவருக்குச் சிலை எழுந்தது. ஆயின் படிப்பவன் தடுமாறலாகாது என்று எண்ணி அவர் இட்ட அச்சிறு சுழியே நம் கைகள் நாளும் எழுப்பும் சிலை.