அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத்

மர்ஹூம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களின் பெயரைக் கேள்விப்படாத தமிழ் முஸ்லிம் வர்த்தகர் பினாங்கில் அரிது. எனினும் ஒரு கட்சியின் தலைவர் என்ற அளவிலேயே அவர்களை அறிந்தோர் நம்மில் அதிகம். தம் பக்கம் வோட்டு இல்லையென்று தெரிந்தும், சபையில் எழுந்து சொல்ல வேண்டியதை முறையோடு சொல்லிவிட்டு அமர்ந்தார்கள். அந்த ஒரு தினத்தைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

அன்னார் 1896 ஜூன் 5-ஆம் தேதி திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். பி.ஏ. பரீட்சை நெருங்கிய சமயத்தில் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் படிப்பைத் துறந்தார்கள். பிறகு சென்னையில் தோல் வர்த்தகத்தில் புகுந்தார்கள். ஆம், நம்மைப் போல் வியாபாரி! ஒப்பந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவன் சாதாரண வியாபாரி; என்ன எழுதாமல் விடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பவனே தேர்ந்தவன். அந்தக் கண் அவர்களுக்கு இருந்தது.

1946 முதல் சென்னைச் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார்கள். தேசப் பிரிவினைக்குப்பின் வடக்கே பெருந்தலைவர்கள் பலர் பாகிஸ்தான் சென்றுவிட, மிஞ்சிய கட்சியைக் கலைத்துவிடுவதே நல்லது என்று வேண்டியவர்களும் வேண்டாதவர்களும் சொன்னார்கள். 1948 மார்ச் 10-இல் சென்னையில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீகாக அதை நிலைநிறுத்தித் தலைமையையும் ஏற்றுக்கொண்டவர் இவர்களே. அக்காலத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு டில்லிக்குப் போவது லேசான காரியமன்று.

அரசியல் நிர்ணய சபை அன்று இரண்டு வேலை பார்த்தது. சுதந்திர இந்தியாவின் சாசனத்தை எழுதியதும் அதுவே. தேசத்தின் பார்லிமெண்டாக இருந்ததும் அதுவே. 1948 நவம்பர் 23-ஆம் தேதி, உபதலைவர் எச். ஸி. முகர்ஜி தலைமையில், நகல் சாசனத்தின் 35-ஆவது ஷரத்து விவாதத்துக்கு வந்தது. பிரஜைகள் அனைவருக்கும் ஒரே சிவில் சட்டத்தைக் கொண்டுவர சர்க்கார் முயலவேண்டும் என்பது அதன் சாரம்.

முதல் திருத்தத்தைப் பிரேரித்தவர் காயிதே மில்லத். ஷரத்தை அடியோடு நீக்கும்படி அவர்கள் கேட்கவில்லை. எந்த ஒரு சமூகமும், தனக்கெனச் சொந்தச் சட்டம் இருக்குமானால், அதைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்ற ஒரே ஒரு வாசகத்தைச் சேர்க்கக் கோரினார்கள். விவாகமும் வாரிசு உரிமையும் மார்க்கத்தோடும் வாழ்க்கை முறையோடும் பிணைந்தவை. தலைமுறை தலைமுறையாக மக்கள் கைக்கொண்டதில் சர்க்கார் கை வைத்தால் ஒற்றுமை வளராது, மனக்கசப்பே வளரும் என்று எடுத்துக் காட்டினார்கள். உதாரணத்துக்கு அவர்கள் அரபு நாட்டுக்குப் போகவில்லை. ஐரோப்பாவில் முதல் உலக யுத்தத்துக்குப் பின் ஏற்பட்ட யுகோஸ்லாவியாவைச் சுட்டினார்கள். முஸ்லிம்களின் குடும்ப விவகாரங்களை முஸ்லிம் வழக்கப்படியே தீர்க்க அந்நாடு உடன்படிக்கையால் கட்டுப்பட்டிருந்தது. எத்தனை சாதுரியமான தேர்வு!

நஸீருத்தீன் அஹ்மது, மஹ்பூப் அலி பேக், மலபார் போக்கர் சாஹிப் ஆகியோரும் திருத்தங்களைக் கொண்டுவந்தனர். எதிர்த்தவர்களும் சாமானியர்களல்லர். கே. எம். முன்ஷி பேசினார், நம் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் பேசினார். முடிவில் டாக்டர் அம்பேத்கர் எழுந்தார். கிரிமினல் சட்டமும், சொத்து மாற்றச் சட்டமும், நாம் அன்றாடம் கையாளும் செக்குக்கும் பிராமிசரி நோட்டுக்குமான சட்டமும் தேசமெங்கும் ஒன்றே. விவாகமும் வாரிசும்தானே பாக்கி என்பது அவர் வாதம். ஷரீஅத் எல்லாப் பிரதேசங்களிலும் என்றும் மாறாது வழங்கிவந்தது என்பதையும் அவர் மறுத்தார். எல்லை மாகாணத்தில் 1935 வரையிலும், பம்பாய் போன்ற இடங்களில் 1937 வரையிலும் வாரிசு விஷயத்தில் ஹிந்துச் சட்டமே முஸ்லிம்களுக்குப் பொருந்தியது என்றார். வட மலபாரின் மருமக்கத்தாயத்தையும் சுட்டினார்.

இந்த இடத்தில் நாம் நேர்மையாக இருக்கவேண்டும். அம்பேத்கர் சொன்ன விவரம் பொய்யன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீட்டைப் பெண்மக்களுக்கே கொடுக்கும் ஊர் வழக்கத்தை அறிந்த நமக்கு, சட்டம் ஒன்றும் வழக்கம் ஒன்றுமாய் இருப்பது புதிதல்ல. ஆனால் வழக்கங்கள் பலவாயின என்பதால் டில்லி ஒன்றைத் திணிக்கலாம் என்று ஆகிவிடுமா? அது காயிதே மில்லத்தின் கேள்விக்குப் பதிலாகாது என்பதே நம் அபிப்பிராயம்.

அம்பேத்கர் ஓர் உறுதியும் சொன்னார். அதிகாரம் இருப்பதாலேயே சர்க்கார் உடனே திணித்துவிடும் என்று எண்ண வேண்டாம். தாமாக விரும்பி ஒப்புதல் தருவோருக்கு மட்டும் என எதிர்காலப் பார்லிமெண்டு தொடங்கலாம் என்றார். பிறகு திருத்தங்கள் ஒவ்வொன்றாகத் தோற்கடிக்கப்பட்டன. ஷரத்து நிறைவேறியது.

அதுவே இன்றைய 44-ஆவது ஷரத்து. கோர்ட்டுக்குப் போய் நிறைவேற்றிக்கொள்ள முடியாத வழிகாட்டும் கொள்கைகளில் ஒன்றாக அது நிற்கிறது. காயிதே மில்லத் கேட்ட வாசகம் அதில் இல்லை. 2025 ஜனவரியில் உத்தரகாண்ட் மாநிலம் பொதுச் சிவில் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தபோது, அந்த ஒரு வரி இருந்திருந்தால் என்று எண்ணியவர்கள் பலர் இருந்திருப்பர். மலேசியாவில் நம் விவாகமும் பாகப் பிரிவினையும் மாநிலங்களின் இஸ்லாமியச் சட்டத்தில் அடங்குவதால், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இது தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். சூலியா தெருவில் கடையும் ஊரில் வீடுமாகத் தகப்பனார் விட்டுச்சென்ற குடும்பங்களுக்கு அப்படியன்று.

தோற்றவர் கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை. அடுத்த ஆண்டு மே மாதத்தில் தனித் தொகுதிக்காக அதே சபையில் வாதாடித் தோற்றார்கள். செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் வந்தபோது, தொன்மையே அளவுகோலானால் தமிழும் அதன் இனமொழிகளுமே இந்த மண்ணில் மூத்தவை என்று துணிந்து சொன்னார்கள். பின் 1952 முதல் 1958 வரை ராஜ்ய சபையில் இருந்தார்கள். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி, மலையாளம் பேசும் அந்த ஊர், பேட்டையில் பிறந்த இந்தத் தமிழரையே லோக் சபைக்கு அனுப்பியது.

அங்கத்தினராக இருக்கும்போதே 1972 ஏப்ரல் 5-ஆம் தேதி சென்னையில் காலமானார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடக்கமாகியிருக்கிறார்கள். சென்னை செல்லும் நம்மவர்கள் ஜியாரத் செய்து துஆ கேட்டு வரலாம்.