பரிசோதனையின் முன் பணிந்த பேரறிஞர்

பௌதிகவியலின் வரலாறு கலிலியோவுடனும் நியூட்டனுடனும் தொடங்குவதாகவே எம்மிற் பலர் கற்றிருக்கின்றோம். கலிலியோவுக்கு ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, கருத்தொன்றைப் பரிசோதனையின் முன் நிறுத்தி உண்மை காணும் வழியைக் கைக்கொண்ட பெருமக்களுள் இப்னுல் ஹைதம் முதன்மையானவர்.

ஈராக்கின் பஸ்றா நகரில் 965ஆம் ஆண்டளவில் பிறந்த அவர், நைல் நதியின் பெருக்கைக் கட்டுப்படுத்தத் தம்மால் இயலும் எனக் கருதினார். இதனைக் கேள்வியுற்ற பாத்திமியக் கலீபா அல் ஹாகிம் அவரை எகிப்துக்கு அழைத்து, வேண்டிய ஆட்களையும் பொருளையும் வழங்கினார் எனப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் கூறுவர். நதிவழியே தெற்கு நோக்கிச் சென்ற இப்னுல் ஹைதம், பண்டைய எகிப்தியர் எழுப்பிய மாபெரும் கட்டடங்களைக் கண்டார். இத்துணை நுட்பமறிந்தோர் செய்யாது விட்டதைத் தாம் செய்தல் கூடுமோ என்ற ஐயம் அவருக்குள் எழுந்தது. அஸ்வானுக்கு அண்மையில் நதியை நேரிற் பார்த்ததும் அந்த ஐயம் உறுதியாயிற்று. தமது திட்டம் நிறைவேறாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். அஸ்வானில் நைலுக்குக் குறுக்கே அணை எழுந்தது 1902ஆம் ஆண்டிலேயே ஆகும்.

கலீபாவின் சினத்துக்கு அஞ்சி அவர் சித்தப்பிரமை கொண்டவர்போல் நடித்ததாகவும், 1021இல் கலீபா மறையும்வரை வீட்டுக்காவலில் இருந்ததாகவும் அவ்வரலாறு தொடர்கிறது. அவரது ஒளியியற் பெருநூலான கிதாபுல் மனாழிர் ஏழு பாகங்களாக உருவானதும் ஏறத்தாழ இக்காலப் பகுதியிலேயே என்பர்.

கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே நாம் பார்க்கிறோம் என யூக்கிளிட்டும் தொலமியும் கொண்டிருந்தனர். இப்னுல் ஹைதம் அதனை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுள் நுழைகிறது என்றார். சிறு துவாரமொன்றின் எதிரே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்து, உள்ளே இருட்டறைச் சுவரில் விழும் ஒளிப்புள்ளிகளை நோக்கினார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டுமே மறைந்தது. ஒளி நேர்கோட்டிற் செல்கிறது என்பதும், துவாரத்திற் சந்திக்கும் ஒளிகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதும் இவ்வாறு புலனாயின.

அவர் கூறிய யாவும் சரியன்று. வானவில்லுக்கு அவர் தந்த விளக்கம் தவறானது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளின் பின்னர் பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல் பாரிஸி, நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தைக் கொண்டு அதனைத் திருத்தினார். 1200ஆம் ஆண்டளவில் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாசல் நகரில் அச்சேறிய அந்நூலைக் கற்றே கெப்ளர் வளர்ந்தார். கண்ணின் விழித்திரையிலேயே விம்பம் விழுகிறது என 1604இல் நிறுவி, அவரும் ஆசானைத் திருத்தினார். இத்திருத்தங்களால் இப்னுல் ஹைதமின் பெருமை குன்றவில்லை. தம்மையே திருத்தத்தக்க வழிமுறையை விட்டுச்சென்றமையே அவரது பெருமை.

தொலமி மீதான ஐயங்களைத் தொகுத்த நூலில், உண்மையைத் தேடுபவன் தான் வாசிப்பவற்றை மட்டுமன்றித் தன்னையும் ஐயுற வேண்டும் என அவர் வலியுறுத்தினார். நைல் கரையில் அவர் செய்ததும் அதுவே. நிலத்தை நேரிற் பார்த்துக் கணிப்பைத் திருத்தும் இன்றைய பொறியியலாளரும் அவ்வழியிலேயே நடக்கிறார்.

இத்தகைய முன்னோரை எண்ணிப் பெருமிதம் கொள்வது இலகு. ஆய்வுகூடத்தில் தான் கண்ட பெறுபேறு புத்தகத்தோடு பொருந்தாதபோது, எண்ணை மாற்றி எழுதாது, ஏன் பொருந்தவில்லை எனக் கேட்கும் துணிவை எம் மாணவர்க்கு அளிப்பதே கடினம். அவருக்கு நாம் செலுத்தக்கூடிய உண்மையான மரியாதையும் அதுவேயாகும்.