வாக்கை நம்பிய பெரியார்: சேர் பொன்னம்பலம் அருணாசலம்

பாரத நாடு சுதந்திரம் பெற்ற வரலாற்றைச் சித்திரிக்கும் தொடர் நாடகமொன்று 2024ஆம் ஆண்டின் இறுதியில் வெளியாயிற்று. பிரீடம் அட் மிட்நைட் என்பது அதன் பெயர். காந்தியடிகள், நேரு, பட்டேல், ஜின்னா ஆகியோர் கூடியிருந்து வாதிடுவதும், மனம் நொந்து எழுந்து போவதும் அதில் காட்டப்படுகின்றன. கந்தளாயில் கத்தோலிக்க இல்லமொன்றைச் சந்திக்கச் சென்றவேளை, வீட்டார் யாவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். நமது நாட்டிலும் இப்படிப் பேசியிருந்து உழைத்தவர்கள் உண்டா சுவாமி என்று அவ்வீட்டு மகள் வினவினாள். உண்டு. அவர்களுள் முதல்வர் ஒரு தமிழர் என்பதைக் கேட்டு அப்பிள்ளை வியந்தது நமக்கு வேதனையாயிருந்தது.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1853 செப்டெம்பர் 14இல் கொழும்பில் பிறந்தார். செல்வக் குடும்பம். சேர் முத்துக் குமாரசுவாமி அவருக்குத் தாய்மாமன். சேர் பொன்னம்பலம் இராமநாதன் தமையனார். புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் கிறைஸ்ற் கல்லூரியில் பயின்று, 1875இல் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார். அவ்வாறு சேர்ந்த முதல் இலங்கையர் அவரே. பல ஊர்களில் நீதிபதியாயிருந்தார். 1887இல் தேசாதிபதி கோர்டன், மூத்த அதிகாரிகள் பலர் இருக்க, அவரைப் பதிவாளர் நாயகமாக்கினார். சீர்கெட்டிருந்த அத்திணைக்களத்தை அவர் ஒழுங்குபடுத்தினார். 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை நடத்தியவரும் அவரே. சுமார் 35 இலட்சம் மக்களை எண்ணியதோடு அமையாது, இத்தீவின் இனங்கள், மதங்கள், வழக்கங்கள் பற்றியும் விரிவான அறிக்கை எழுதினார்.

1913இல் ஓய்வு பெற்றார். சேர் பட்டமும் கிடைத்தது. ஓய்வூதியத்துடன் சாய்மனைக் கதிரையில் இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய பெரும் பணி அதன் பின்னரே தொடங்கிற்று. 1915இல் சமூக சேவைச் சங்கத்தைத் தொடங்கிக் கொழும்பின் ஏழைகளிடையே உழைத்தார். 1919இல் தொழிலாளர் நலச் சங்கம் அமைத்தார், பெரி. சுந்தரம் அதன் செயலாளர்.

மலையகத் தோட்டங்களில் அந்நாளில் நிலவிய நிலைமையை இங்கு சொல்லியாக வேண்டும். முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையிலிடச் சட்டம் இடங்கொடுத்தது. துண்டு என்றொரு சீட்டும் இருந்தது. கங்காணியும் அவன் ஆட்களும் பட்ட கடன் அதில் எழுதப்படும். அக்கடனைக் கட்ட முன்வரும் துரையிடமே அவர்கள் போகலாம். மனிதர் கடனோடு சேர்த்துக் கைமாற்றப்பட்டனர். இக்கொடுமைகளுக்கு எதிராக அருணாசலம் அரசாங்கத்தோடு ஓயாது வாதாடினார். துண்டு முறை 1921இல் ஒழிந்தது. சிறைத் தண்டனையும் அக்காலத்திலேயே நீங்கிற்று. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் உரிமை பற்றி விடுத்த நிருபத்தைக் குருமடத்தில் நாம் கருத்தூன்றிப் படித்தோம். அதே நீதிக்காக நம் நாட்டிலேயே போராடிய இச்சைவப் பெரியாரைப் பற்றி அங்கு எவரும் நமக்குச் சொல்லவில்லை.

இனி, நாடகம் எடுப்போர் தவறவிடக்கூடாத காட்சிக்கு வருவோம். 1917இல் அருணாசலம் இலங்கைச் சீர்திருத்தக் கழகத்தை நிறுவினார். சிங்களவரும் தமிழரும் ஒரே அமைப்பில் நின்று சுயாட்சி கேட்கவேண்டும் என்பது அவர் விருப்பம். யாழ்ப்பாணச் சங்கத்தாரோ தயங்கினர். பிரதேசவாரித் தேர்தல் வந்தால் தமிழர் குரல் அமுங்கிவிடும் என அஞ்சினர். அச்சம் நீங்க, 1918 டிசெம்பரில் ஜேம்ஸ் பீரிசும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் எழுத்தில் உறுதி கொடுத்தனர். மேல் மாகாணத்தில் தமிழருக்கென ஓர் ஆசனம் ஒதுக்குவதை ஆதரிப்போம் என்பதே அவ்வுறுதி. அதை நம்பும்படி யாழ்ப்பாணத்தாரை இணங்கச் செய்தவர் அருணாசலம். 1919 டிசெம்பர் 11இல் கொழும்பில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் உதயமாயிற்று. அவரே முதல் தலைவர்.

இரண்டு ஆண்டுகூடச் சரியாகச் செல்லவில்லை. சட்டநிரூபண சபைக்கு 1921இல் தேர்தல் வந்தபோது அந்த ஆசனம் கிடைக்கவில்லை. கொழும்பு நகரத் தொகுதிக்கு ஜேம்ஸ் பீரிசே முன்வந்தார். அருணாசலம் தாம் உருவாக்கிய காங்கிரசை விட்டு வெளியேறினார். உள்ளேயிருந்து போராடியிருக்கலாமே என்று இன்றும் சிலர் குறை கூறுவர். நமக்கு அது சரியாகப் படவில்லை. பிறர் தந்த வாக்கைத் தம் சொந்த வாக்காக எடுத்துச் சென்று தம் மக்களிடம் கொடுத்தவர் அவர். அது முறிந்தபின் எந்த முகத்தோடு அங்கு அமர்ந்திருப்பார்? பதவி போன வருத்தம் என்று அதை எண்ணுவது அந்த மனிதரை அறியாதவர் பேச்சு.

1923இல் இலங்கைத் தமிழ் லீக்கை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு தென்னிந்தியத் தலங்களுக்கு யாத்திரை சென்றவர், 1924 ஜனவரி 9இல் மதுரையில் காலமானார். அப்போது வயது 70.

இலங்கைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 முதல் குரல் கொடுத்தவரும் அவரே. அது 1942இல் கிட்டியது. பேராதனையில் அவர் பெயரால் ஒரு மாணவர் விடுதி உண்டு. நமது மாவட்டத்துப் பிள்ளைகளும் பேராதனைக்குப் படிக்கப் போகிறார்கள்.